இருநூறு வயதான புது மேசை

இரண்டாயிரத்து ஒன்பதில் லண்டனில் எல்லாருக்கும் போல அத்தானுக்கும் வேலை குறைவு. அக்காவைக் கட்டியவர், பாரிஸில் பல வருடம் தளபாடப் பட்டறையில் வேலை செய்தவர். ரெய்னர்ஸ் லேனில் தன் வீட்டுக் கராஜில், ஒரு பழம்பொருள் கடைக்காரருக்குப் பழைய பிரெஞ்சுக் கதிரை, அலுமாரிகளைத் திருத்திக் கொடுத்துவந்தார்.

மிஞ்சிய நேரத்தில் அக்காவுக்கென்று ஒரு எழுதும் மேசை செய்தார். அக்கா கணக்கீட்டுப் பரீட்சைக்குக் குசினியில், கறிச்சட்டிகளுக்கு நடுவில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அவளைக் கதிரையில் இருத்தி, முழங்கை உயரம் பார்த்துத்தான் கால்களை வெட்டினார். வளைந்த கால்கள், இழுத்துத் திறக்கும் மூன்று லாச்சி, பிரெஞ்சுக்காரர் அந்தக் காலத்தில் செய்த அதே வடிவம். ஆசையாய் ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன் இப்படிச் செய்கிறாரே என்று எனக்கே வாயடைத்துப்போனது.

ஒரு ஞாயிறு நான் போனபோது கராஜுக்குள் சங்கிலிச் சத்தம். கதவைத் திறந்தவன் விறைத்துப்போனேன். அத்தான் சைக்கிள் சங்கிலியால் அந்த மேசையை விளாசிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, பூச்சி அரித்ததுபோல் பொடி ஓட்டைகள் போடத் தொடங்கினார்.

"அத்தான், உங்களுக்கென்ன விசரே?"

"கடைக்காரன் இந்த மேசையைக் கண்டிட்டான். புதுசெண்டா எடுக்கமாட்டானாம், பழசாக்கித் தரட்டாம்," என்றார் திரும்பாமலே. "மாட்டனெண்டா இனி வேலை வராது."

குசினிக்கு ஓடினேன். அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அவரிட்ட ஒண்டும் கேளாதை. நான் கேட்டிட்டன்."

எனக்குக் கோபம். அன்று அங்கே சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து அந்தக் கடைக்கு இரண்டு கதிரை கொண்டுபோக வேண்டியிருந்தது. தூக்க நான் போனேன், அக்காவும் கூட வந்தாள். அத்தான் வான் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போக, நானும் அக்காவும் ஒரு கதிரையோடு உள்ளே போனோம். வாசலோரம், விளக்கு வெளிச்சத்தில் அந்த மேசை நின்றது. அக்கா நேரே போய் அதன்மேல் கையை வைத்தாள். தொட வேண்டாம் என்று விற்பனையாளர் பணிவாகச் சொன்னார்.

"இதை யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் அக்கா.

அவர் பாரிஸின் பேர்போன தளபாடக் கலைஞர் ஒருவரின் பெயரைச் சொன்னார். அடிப்பக்கத்தில் அவருடைய முத்திரைகூட இருக்கிறதாம். ஆள் இறந்து இருநூறு வருடமாம்.

மேசையைப் பழசாக்கினது தெரியும். செய்தவரையே மாற்றிவிடுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அந்த முத்திரையைக் குத்தியதும் அத்தானின் கைதானே.

அந்த நேரம் பார்த்து அத்தான் மற்றக் கதிரையைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். அக்கா திரும்பி அவரைப் பார்த்து, சத்தம் போடாமல் தமிழில் கேட்டாள்:

"நீங்கள் செத்து இருநூறு வருசமாம். நான் தாலியைக் கழட்டட்டே?"

அத்தான் கதிரையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.