ஹார்ட்டில்பூலில் இருந்த எங்கள் அக்கா

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வருபவர்களுக்காக எழுதும்படி அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

அக்கா திருப்போரூரில் பிறந்தார். பள்ளி ஆசிரியரான அப்பா, நான் ஏழாவது படிக்கும்போது காலமானார். அக்கா அப்போது செங்கல்பட்டில் நர்சிங் கடைசி வருடம். வேலை கிடைத்ததும் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்கு நர்சுகளை எடுத்தபோது, அந்நாட்டின் வடக்கே ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக ஊருக்குப் போனார்.

ஞாயிறுதோறும் போன் செய்வார். "இங்கயும் கடல் கீதுடா. கல்பாக்கம் மாதிரியே கரையில அணுமின் நிலையம் கூட கீது. தண்ணியில கால வெச்சாதான் வேற ஊருன்னு தெரியுது" என்பார். கப்பல் கட்டும் தளங்கள் மூடிவிட்ட ஊர். அங்கே உழைத்து ஓய்ந்த முதியவர்களே அவருடைய வார்டில் அதிகம்.

என் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. நாத்தனார் முடிச்சு போட வேண்டியவர் அவர்.

"லீவு இல்லடா. பெரியப்பா பொண்ணு போடட்டும்."

"நீ வராம இன்னா கல்யாணம்? இனிமே எங்கிட்ட பேசாத."

போனை வைத்துவிட்டேன். மண்டபத்தில் கேட்டவர்களிடமெல்லாம், வெளிநாடு போனதும் அக்கா மாறிவிட்டார் என்றேன். பிறகு ஏழு மாதம், அவர் போன் வந்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன்.

ஒரு காலை, அவருடன் தங்கியிருந்த கேரளத்து நர்ஸ் போன் செய்து, அக்கா இறந்துவிட்டார் என்றார். நான் விசா வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது அக்கா பிணவறையில் இருந்தார். தலையில் முடி இல்லை. புற்றுநோய் என்பதே அப்போதுதான் தெரியும். என் கல்யாணத்தன்று அவருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். சொன்னால் கல்யாணத்தை நிறுத்திவிடுவோம் என்று மறைத்தாராம். பிறகும் சொல்லவில்லை. நான் பேசியிருந்தால் சொல்லியிருப்பாரோ, தெரியவில்லை.

"மொகத்த பாக்கணும்டா" என்றார் அம்மா, போனில். பிறகு அவரே, "வோணாம். நீ பாத்துட்ட இல்ல, போதும்."

அங்கேயே தகனம் செய்தோம். அஸ்தியை மாமல்லபுரம் கடலில் கரைத்தோம். இரண்டு இடத்திலும் எனக்கு அழுகை வரவில்லை.

கடைசிவரை உடனிருந்த கேரளத்துச் சகோதரிக்கு எங்கள் நன்றி. அக்கா கவனித்துக்கொண்ட துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன்கள் நால்வர் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். பெயரைக் கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மண்டபத்தில் நான் அக்காவைப் பற்றிப் பேசியதைக் கேட்ட பலர் இன்று வந்திருக்கிறீர்கள். நான் சொன்னது உண்மையல்ல. வந்ததற்கு நன்றி.

இப்படிக்கு,
தம்பி