பேங்குக்கு முகம் கொடுத்தவர்

என் வீட்டுக்காரர் ஜாஹிருக்கு நன்றாகச் சிரிக்க வரும். அதுதான் எங்களைக் கெடுத்தது.

மலேசியாவில், பினாங்குத் தீவின் தஞ்சோங் டவுனில், பினாங்கு ரோட்டுக்குப் பின்சந்தில் எங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடை. அவர் சோறு போடுவார், நான் கல்லாவில் உட்கார்ந்து வாயடிப்பேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் எதிர்ச்சாரியில் ஒரு பேங்க் திறந்தார்கள். பாதி கோலாலம்பூர் முதலாளிகளுக்குச் சொந்தம், பாதி சென்னை முதலாளிகளுக்கு. இங்கே பிழைப்பும் அங்கே உறவுமாக இருக்கிற எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கரைக்கும் நமக்கென்று ஒரு பேங்க்! திறப்பு விழாவில் இரண்டு பக்கத்து முதலாளிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே, பெருநாள் தோற்றது.

அங்கே அதிகாரியாக இருந்த ஷஃபீக் தினமும் மதியம் எங்களிடம்தான் சாப்பிடுவான். ஒரு நாள் இவரைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கவா? கோட்டு போட்டவன் சொன்னா யாரு கேப்பா? நீங்க சிரிச்சா போதும்லா.”

இவரும் சிரித்தார். படத்துக்குக் கீழே ‘நான் நம்புகிறேன்’ என்று மலாயிலும் தமிழிலும் எழுதி பேங்க் வாசலில் மாட்டினார்கள். பாலிக் புலாவ் போகிற பஸ்ஸின் முதுகில்கூட என் புருஷன்! கூலியாக ஒரு குடை கொடுத்தார்கள். அது போதாதென்று, கூடுதல் லாபம் தரும் என்ற பத்திரத்தில் எங்கள் சேமிப்பையும் இவரே கொண்டுபோய்ப் போட்டார்.

“ஏங்க, நாலு பேர்கிட்ட விசாரிங்களேன்,” என்றேன்.

“என் மூஞ்சியே அங்க இருக்கு. இன்னும் என்ன விசாரணை?” என்றார்.

பாலிக் புலாவ் ஹனீபா அண்ணனும் விசாரிக்கவில்லை. இவருக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். டுரியான் தோட்டத்தை விற்று, மகள் நஸீஹாவின் டாக்டர் படிப்புக்கென்று வைத்திருந்த பணம் முழுவதையும் அதே பத்திரத்தில் போட்டார். “பேங்க எனக்குத் தெரியாதுலா. ஜாஹிரத் தெரியும்,” என்றார். இவருக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல்.

போன வருஷம் முதலாளிகள் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டார்கள். யாருக்கோ அள்ளிக் கொடுத்த கடன் திரும்பவில்லையாம். ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் கதவு பூட்டிக் கிடந்தது. சாதாரணக் கணக்கு வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்துவிட்டது. பத்திரம் வாங்கியவர்களுக்கு அல்வா. கோலாலம்பூரில் கேட்டால் சென்னையைக் கேளுங்கள் என்றார்கள், சென்னையில் கேட்டால் கோலாலம்பூரைக் கை காட்டினார்கள்.

ஷஃபீக் போனை எடுக்கவில்லை. பூட்டுவதற்குக் கொஞ்ச நாள் முந்தியே சாப்பிட வருவதை நிறுத்தியிருந்தான். தன் அம்மாவின் பத்திரத்தை மட்டும் அப்போதே சத்தமில்லாமல் காசாக்கிவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். பாவி, எங்கள் காதிலும் ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?

முதலாளிகளை யாருக்கும் தெரியாது. இவரைத்தான் எல்லோருக்கும் தெரியும். “கமிஷன் எவ்வளவுண்ணே கெடச்சுச்சு?” என்று கடைக்கு வந்தே கேட்டார்கள். இவர் குடையைப் பற்றிச் சொன்னார். யார் நம்புவார்கள்? எங்கள் பணமும் போய்விட்டது என்றால், “அப்படித்தான் சொல்வீங்க,” என்றார்கள். நானும் பதிலுக்கு நன்றாகவே கொடுத்தேன். இவர் என்னைத்தான் அடக்கினார்.

“விடு சலேஹா. ஹனீபா அண்ணன் வரட்டும். அவருக்கு என்னைத் தெரியும்.”

மாதக்கணக்காக இதே பேச்சு. ஹனீபா அண்ணன் வரவே இல்லை. நஸீஹா படிப்பை விட்டுவிட்டு ஏதோ பேக்டரியில் வேலைக்குப் போகிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஹனீபா அண்ணன் வந்தார். இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, “வாங்கண்ணே, வாங்க,” என்று தட்டை எடுத்தார். ஹனீபா அண்ணன் எங்கள் கடையில் எதையும் கேட்டு வாங்கியவரே இல்லை. நேராகப் போய் உட்காருவார், இவர் போட்டுக் கொடுப்பதைச் சாப்பிடுவார். அன்றைக்கு உட்காரவில்லை. கறிச் சட்டிகளுக்கு முன்னால் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது இன்னைக்கு மீனா, நேத்து மீனா?”

எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

“இன்னைக்கு மீன்தாண்ணே,” என்றார்.

ஹனீபா அண்ணன் மீன் சட்டியைத் தாண்டி நகர்ந்தார்.

“முட்ட போடு. போதும்.”