எந்தக் கோப்புறை என்று கேட்கத் தெரிந்த நாள்

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது, எக்செலில் வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோ எழுத நானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றேன். அடையாள அட்டை இல்லாதவர்கள் தங்கள் பிறப்பை நிரூபிப்பதற்காகப் பழைய பிறப்புப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பட்டனை அழுத்தினால் மேக்ரோ பெயர்களை வரிசைப்படுத்திச் சேமித்துவிடும். நான் அந்தத் தோட்டத்துப் பிரிவுகளில் மேல் டிவிசனில் பிறந்தவன். சேமிக்கும் இடமாக எங்கள் டிவிசன் கோப்புறையிலிருந்த பெயர்க் கோப்பையே உள்ளே எழுதிவைத்திருந்தேன். வேறு டிவிசன் இருப்பது நினைவிலேயே இல்லை.

ஒரு நாள் கீழ் டிவிசனில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது செல்வி அக்கா தன் பட்டியலைத் திறந்து பட்டனை அழுத்தினார். பிழைச் செய்தி வந்தது. மேல் டிவிசன் பெயர்கள் மீதே அவருடைய பட்டியலை எழுத மேக்ரோ போயிருக்கிறது! காலையில் திறந்த அந்தக் கோப்பை நான் மூட மறந்ததால்தான் எக்செல் அதன்மேல் எழுத மறுத்தது. எங்கள் டிவிசன் பதிவேடோ ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டது. வேறு பிரதியும் இல்லை; எழுதியிருந்தால் அந்தப் பெயர்கள் அழிந்தேபோயிருக்கும்.

"ஏன் தம்பி, மேல் டிவிசன்ல மட்டுந்தான் புள்ள பொறக்குதா? எங்க வைக்கணும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" என்றார் அக்கா.

ஒரு வாரம் தேடி, அப்படிக் கேட்கும் கட்டளையைக் கண்டுபிடித்தேன். பட்டனை அழுத்தியதும் கோப்புறைகளைக் காட்டும் பெட்டி விரிந்தது. அக்கா ஒன்றைத் தேர்ந்தார். நான் எழுதாத கோப்புறைப் பெயர் என் மேக்ரோவுக்குள் வந்து உட்கார்ந்தது.

"ஆத்தாடி, மனுசன் மாதிரி கேக்குது தம்பி!" என்றார் அக்கா.

அன்றே என் மற்ற மேக்ரோக்களிலும் அந்தக் கட்டளையைச் சேர்த்தேன்.

இப்போது என் மேக்ரோ எதுவும் இடத்தைத் தானாக முடிவு செய்வதில்லை. முதலில் கேட்கும். வேண்டாமென்றால் ஒரு பெயரையும் தொடாமல் நின்றுவிடும்.