பத்து நாள் உப்பு ஒத்தடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுபோன சமயம் அது. நானும் என் மனைவியும் அங்கேதான் வேலை செய்தோம். நான் பாத்தியில் உப்பு வாருவேன், அவள் கூடையில் சுமப்பாள். அவளுக்கு முதுகுவலி வந்து ஏழெட்டு மாதம் வரை நாங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உப்பு சுமக்கிற பெண்களில் முதுகு வலிக்காதவள் யார்? தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் இரண்டு கால்களும் துவண்டுபோன பிறகுதான் புதுச்சேரிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

முதுகெலும்பில் டி.பி. என்றார்கள். அது நெஞ்சில் வருகிற நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆபரேஷன் செய்து, மாத்திரை கொடுத்து, மழை தொடங்கிய சமயத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால்களில் உணர்ச்சி திரும்பலாம், ஆனால் எவ்வளவு திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் மறுபடி நடப்பாளா என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி. வீட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் பிசியோதெரபி அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தோலைத் தினமும் பார்க்க வேண்டும், காலில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிளஸ் டூ படிக்கிற மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சமையல், துணி, மனைவியைக் குளிப்பாட்டுவது என்று எல்லாம் நானே பார்த்தேன். நான் வைத்த குழம்பின் காரத்துக்கே அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் கால்கள் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

எங்கள் வீடுகளில் எந்த வலிக்கும் உப்பு ஒத்தடம்தான். கல்லுப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, சூட்டோடு ஒற்றுவோம். வெந்நீர்ப் பைதானே வேண்டாம் என்றார்கள், உப்பைச் சொல்லவில்லையே என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இருபது வருஷம் உப்போடு கிடந்தவனுக்குத் தெரியாததா என்கிற திமிர் வேறு.

காலையும் மாலையும் கெண்டைக்காலிலும் குதிகாலிலும் ஒற்றினேன். சூடு தெரிகிறதா என்று கேட்பேன். இதமாக இருக்கிறது என்பாள். நாலாம் நாள், லேசாகச் சுடுகிறது என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வறுத்தேன்.

பத்தாம் நாள் அவளுக்குப் புடவை மாற்றிய மகள் என்னைக் கூப்பிட்டாள். இடது குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். தோல் வெந்து வெளுத்திருந்தது. அவ்வளவு புண்ணுக்கும் என் மனைவி முகம் சுளிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை என்று.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிசியோதெரபி அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வாரம்தான் முதுகுக்குப் பெல்ட் போட்டு அவளை முதல்முறையாக நிற்க வைப்பதாக இருந்தோம், இனி புண் ஆறுகிற வரைக்கும் முடியாது என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். ஏன் பொய் சொன்னாய் என்று கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ரெண்டு வேளையும் அடுப்பாண்ட உக்காந்து வறுத்து எடுத்துட்டு வர்றீங்க. அப்புறம் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கீங்க. ஒண்ணும் தெரியலன்னு எப்படிங்க சொல்றது?”

கேள்வியோடு சேர்த்து எனக்கு வேண்டிய பதிலையும் அவள் முன்னால் நீட்டியிருக்கிறேன். படுக்கையில் கிடந்தவள்தான் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது.

அதன் பிறகு பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்தபடி தினமும் காலையில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், நான் பஞ்சால் காலை அங்கங்கே தொடுவேன். தெரிந்தால் ‘தெரியுது’, இல்லாவிட்டால் ‘தெரியல’ என்று அவள் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் நான் ஒன்றும் பேசக் கூடாது என்று மகள் கட்டளை போட்டிருந்தாள். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அத்தனை நாளும் ‘தெரியல, தெரியல’ என்பதையே கேட்டேன். பொங்கல் கழிந்து மற்றவர்கள் புது உப்புக்காகப் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தப் போனார்கள். நான் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, “வலது கட்டைவிரல தொடறீங்க” என்றாள்.

நான் நம்பவில்லை. மறுபடியும் எனக்காகச் சொல்கிறாளோ என்று பயம். சத்தமில்லாமல் கையை எடுத்துவிட்டு, “இப்ப?” என்றேன்.

“இப்ப இல்ல. எடுத்துட்டீங்க.”

அந்த ‘இல்ல’ தந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு, மகள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

இப்போது வாக்கர் பிடித்துத் தெருமுனை வரை போய் வருகிறாள். ஆனால் இடது பாதத்தில் பாதிக்கு மேல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. காலையில் பஞ்சு வைத்தால் என் முகத்தை நேராகப் பார்த்தே ‘தெரியல’ என்கிறாள். அதைக் கேட்டு முகம் வாடாமல் இருக்க நான்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.