கைப்பிடி ரப்பர் அறுபட்ட சைக்கிள்

பால் அடிப்பிடித்த நாற்றம்தான் முதலில் வந்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். அடுப்பும் இல்லை, பாலும் இல்லை. நாற்றம் மட்டும் மூக்கை அடைத்தது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தது வரை நினைவிருக்கிறது. கேட்டேனா என்று தெரியாது.

கண் விழித்தபோது பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடந்தேன். நாக்கு கடிபட்டு எரிந்தது. வேட்டி நனைந்திருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. யாரோ என் வலது கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மூடிப் பிடித்திருந்தார்கள். "இரும்பு குட்த்தவுடனே நின்னுச்சு பாத்தியா" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. நானும் நம்பினேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆரம்பாக்கத்தில் வீடு, கொஞ்சம் நெல் நிலம். நிலத்தை என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனா, பார்த்துக்கொண்டார். நான் கவரைப்பேட்டையில் ஓர் அரிசி ஆலைக்குப் போய் வந்தேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போய்விடுவேன். ஏரிக்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் இருந்தன. விழுந்த ஊசிச் சருகு மணலை மூடியிருப்பதால் சக்கரம் புதையாது, சத்தமும் வராது. மேலே காற்று உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும். எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி கன்னியம்மாவும் கேரியரில் ஏறிக்கொண்டாள். "வேலைவெட்டி இல்லாம பொண்டாட்டியையும் இட்டுக்கினு சுத்துறான்" என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆலையிலும் ஒருமுறை விழுந்தபிறகு சென்னைக்குப் போனோம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்து காத்திருந்து இடுப்பே விட்டுப்போனது. இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் கோடுகளாகப் பதியும் சோதனை) எடுத்தார்கள். எபிலெப்சி (மூளையின் மின்னோட்டம் திடீரென்று தாறுமாறாகி உடம்பை முறுக்கும் நோய்) என்றார் டாக்டரம்மா. ஊர்ப் பேச்சில் காக்கா வலிப்பு. பால் நாற்றம்கூட வலிப்பின் தொடக்கம்தானாம்.

"மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. நெருப்பு, தண்ணி, சைக்கிள், மூணு பக்கமும் போகாதீங்க" என்றார்.

நெருப்பை விட்டுவிடலாம், வீட்டில் சமைப்பது நானில்லை. தண்ணீரும் சைக்கிளும் சேர்ந்ததுதான் என் ஞாயிற்றுக்கிழமை. ரயிலில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நைனாவுக்கு அந்த உத்தரவு பிடிபடவில்லை. "அந்தம்மா படிச்சவங்க, சரி. இரும்பு கையில இருந்தா வலிப்பு அண்டாதுன்னு ஊருக்கே தெரியும். சைக்கிளு இன்னா மரத்துலயா செஞ்சி கீது?" என்றார். அதோடு நிற்கவில்லை. ஹேண்டில்பாரை உற்றுப் பார்த்தார். கைப்பிடியில் இருந்த ரப்பர் உறை கண்ணில் பட்டது. "இதான் நடுவுல தடுக்குது" என்று அரிவாளால் இரண்டையும் அறுத்து எறிந்தார்.

இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. பிடிக்கிற இடமெல்லாம் இரும்பாக இருந்தது. வியர்வையில் துருவேறி உள்ளங்கை பழுப்பானது. கொடுத்திருந்த மாத்திரையோ பினோபார்பிட்டோன் (மூளையின் கொந்தளிப்பை அடக்குவது, தூக்கத்தையும் கொண்டுவருவது). சாப்பிட்டுவிட்டு மிதித்தால் கண்ணைச் செருகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்கு லீவு விட்டேன். அன்றைக்கு இரும்பு பார்த்துக்கொள்ளும் அல்லவா!

சில மாதம் பார்த்துக்கொண்டது. பிறகு ஒருநாள், கன்னியம்மா கேரியரில் இருக்க, தோப்பு முடிந்து ஏரி தொடங்கும் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். பால் நாற்றம் வரவே இல்லை. கண்ணைத் திறந்தால் கரையில் ஒருக்களித்துக் கிடக்கிறேன், வாயெல்லாம் உப்பு, சேறு. அவள் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு அவள் பெயர் வருவதற்கே நேரமானது.

"கணுக்கால் தண்ணி மாமா. அதுல மூஞ்சி கவுந்துகினு கெடந்த. தூக்கலாம்னா உன் கை ஹேண்டில உடல. விரல் விரலா நெம்பி எடுத்தேன். இரும்பப் புடிச்சிக்கினேதான் இழுத்துக்கினு கெடந்த" என்றாள்.

கணுக்கால் தண்ணீரில் சாகப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கன்னியம்மாவின் முழங்கைக் கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரும்பாலும் வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். சாவியைத் தேடி எடுத்துட்டு வர அவ்வளவு நேரம் ஆகும். பேரை சாவி தட்டிக்கிட்டுப் போயிடுது" என்றார்.

எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள், வாயில் கரண்டியைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். சீக்கிரம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மாத்திரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். மறுநாள் நைனா கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கிவந்து அவரே மாட்டினார். "பேஜாரு புடிச்ச இரும்பு" என்று சைக்கிளைத் திட்டினார். என்னைத் திட்டவில்லை.

அதன் பிறகு ஏறி மிதிக்கவில்லை. ஆனால் சைக்கிளை விடவும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாஷ்டா பொட்டலத்தைக் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே தோப்புக்கு நடந்தோம். எதிரில் வருகிறவரெல்லாம் "இன்னா, பஞ்சரா?" என்று கேட்பார்கள். "ஆமா" என்பேன். வருஷக்கணக்காக ஒரு சைக்கிள் பஞ்சராகவே இருப்பதை யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழுந்தன. லாரிகள் கூடின. என் தலையில் நரை எட்டிப் பார்த்தது. வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா, "ரோட்டுப் பக்கம் போகாம, தண்ணி ஓரமும் போகாம, துணையோட மெதுவா ஓட்டிப் பாருங்க" என்றார். சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு முறை கும்பிடு போட்டேன். கன்னியம்மா முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பயமா கீதா?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"பயந்தான். ஊட்ல குந்திகினு உன்ன மட்டும் அனுப்புனா பயம் பூடுமா? நானும் வரேன். ஆனா வாய மூடாம பேசிக்கினே ஓட்டணும். பேச்சு நின்னா நான் குதிச்சி வண்டியப் புடிப்பேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குள் ஏறி மிதித்தேன். கால் மறக்கவில்லை. ஆலையில் நடந்தது, பக்கத்து வீட்டு மாடு, நெல் விலை என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். நான் அதிகம் பேசாதவன். ஒரு மைலுக்குள் சரக்கு தீர்ந்துபோய், சொன்னதையே மறுபடி சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள்.

சந்தோஷமாக இருந்தால் "நேரம் போனதே தெரியலை" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. நேரம் போனது தெரியாமல் போவதுதான் என் நோய். என் ஆயுளில் சில நிமிஷங்களை நான் பார்த்ததே இல்லை, அவள்தான் பார்த்திருக்கிறாள். அதனால் ஒவ்வொரு மரமும் தாண்டிப் போவது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தோப்பின் ஓர் இடத்தில் மரங்கள் விலகின. தூரத்தில் ஏரி. அதில் நின்ற பூநாரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. அடேயப்பா, சைக்கிள் மேலிருந்து இதைப் பார்த்து எத்தனை வருஷம்! பேச வரவில்லை.

கேரியர் சட்டென்று லேசானது. சைக்கிளைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். காலை ஊன்றித் திரும்பினேன். கன்னியம்மா கேரியரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்கேன்டி. இருக்கேன். ஒண்ணும் இல்ல, பாத்துக்கினு இருந்தேன்" என்றேன்.

முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"பாக்கறதச் சொல்லிக்கினே பாரு" என்றாள்.