சூட்டு பிளக்

ரிஸ்டன் அண்ணி எப்போதும் மந்தையின் பின்னால்தான் வருவாள். முன்னால் போகிறவனுக்குப் பெயர் கிடைக்கும். பின்னால் வருகிறவளுக்குக் களைத்து விழும் மான்கள் கிடைக்கும். அந்த இடத்தை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். சினைப் பனிமான் நடக்கும் வேகத்துக்குமேல் வண்டியை விடமாட்டாள். மான்கள் அவளுடைய இன்ஜின் சத்தத்துக்குப் பயப்படுவதை விட்டிருந்தன. சில மான்கள் அதன் சூட்டுக்காகப் பக்கத்திலேயே நடந்தன.

பனியில் ஓடும் வண்டியை நாங்கள் ஸ்கூட்டர் என்றுதான் சொல்கிறோம். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய இன்ஜின். மணிக்கணக்காக நடை வேகத்தில் ஓட்டினால் எண்ணெய் சரியாக எரியாமல், தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கின் முனையில் கரியாக ஒட்டும். பொறி நின்றுவிடும். அதனால் பின்னால் வருகிறவர்கள், சூட்டைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும் பிளக்கைப் போடுவார்கள். கரி அதிலேயே எரிந்து போய்விடும். முன்னால் பாய்கிறவர்களுக்குச் சூட்டை உடனே இறக்கிவிடும் பிளக். சூட்டு பிளக், குளிர் பிளக் என்போம். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சூட்டு பிளக்கோடு முழு வேகத்தில் நெடுந்தூரம் போனால் அதன் முனை தணலாகிவிடும். பொறி விழுவதற்கு முன்பே உள்ளே தீப்பிடிக்கும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். காற்று கனத்துக் கிடக்கும் கடுங்குளிரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். அடுத்தவர் வண்டியில் ஏறுவதற்கு முன் "என்ன போட்டிருக்க?" என்று கேட்க வேண்டும். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அண்ணியின் கணவன் நீலாஸ் என் பெரியப்பா மகன். அவனுடைய தம்பி ஹெய்க்கா. முழங்கால் போனபிறகு நான் மந்தையை விட்டு ஏரிக்கரையில் குடியேறிவிட்டேன். மந்தை அந்தப் பக்கம் வரும்போது மூன்று பேரும் என் வீட்டில் காப்பி குடிப்பார்கள்.

"அண்ணி ஸ்கூட்டர் ஓட்டல யூசா, தொட்டில் ஆட்டறாங்க" என்பான் ஹெய்க்கா என்னிடம்.

"நீ ஓட்டின வண்டியோட பிஸ்டனை யூசா சாம்பல் தட்டா வச்சிருக்கான் பாரு. அதுல சாம்பல்கூடத் தங்க மாட்டேங்குது" என்பாள் அண்ணி.

நீலாஸ் சிரிப்பான். காப்பியில் போட்ட பாலாடைக்கட்டியைக் கரண்டியால் தேடிக்கொண்டே சிரிப்பான்.

அந்தப் பிப்ரவரியில் மேய்ச்சல் நிலத்தின் மேல் பனிக்கட்டி ஏடு கட்டிவிட்டது. மான்களால் தோண்டித் தின்ன முடியவில்லை. வேறிடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹெய்க்கா முன்னால், குன்றைத் தாண்டிப் போய்விட்டான். பிரிந்த சில மான்களைத் திருப்பப் போன நீலாஸின் வண்டி, பனிக்கடியில் இருந்த பாறையில் மோதியது. கைப்பிடி அவன் வயிற்றில் இடித்தது. எழுந்து பனியைத் தட்டிவிட்டான். "பாறைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். கொஞ்ச நேரத்தில் முகம் சாம்பல் நிறமாகி உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய வண்டியின் முன்சட்டம் மடங்கிப் போயிருந்தது. குன்றுக்கு அப்பால் இருந்த ஹெய்க்காவுக்கு ரேடியோ எட்டவில்லை. அண்ணி நீலாஸைத் தன் வண்டிக்குப் பின்னாலிருந்த சறுக்குப்பலகையில் படுக்க வைத்து, மான்தோல்களால் சுற்றிக் கட்டினாள். மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரைக் கூப்பிட என் வீட்டுப்பக்கம் வந்தால்தான் முடியும். நடுவில் உறைந்து கிடக்கும் ஏரி. ஏரிக்கரை வரை குத்துச்செடிக் காடு, மெதுவாகத்தான் வர முடியும். அதன்பின் கண்ணுக்கு எட்டிய வரை சமதளம்.

கரையில் அவள் வண்டியை நிறுத்தினாள்.

"எதுக்கு நிறுத்துற?" என்றான் நீலாஸ்.

"பிளக்கு மாத்தணும்."

"என்ன போட்டிருக்க?"

"சூட்டு பிளக்கு."

"அப்ப மாத்து. நான் எங்க ஓடப்போறேன்."

கையுறையைக் கழற்றாமல் பிளக்கை மரையில் ஏற்ற முடியாது. கோணலாக ஏறினால் இன்ஜினின் தலை வீணாகிவிடும். அந்த இன்ஜினுக்கு இரண்டு பிளக். முதலாவது ஏறியது. இரண்டாவதை எடுக்கும்போது விரல்கள் அவளுடையவையாக இல்லை. பிளக் நழுவிப் பொடிப்பனிக்குள் போய்விட்டது. முழங்காலிட்டு முழங்கை வரை விட்டுத் துழாவினாள். கிடைத்தபோது மரை முழுக்கப் பனி ஒட்டியிருந்தது. வாயில் வைத்து இளக்கினாள். எடுத்தபோது உதட்டுத் தோலும் கூடவே வந்தது.

"ஆச்சா?" என்றான் ஒருமுறை. அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஏரியைக் கடந்தபோது இன்ஜின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அவள் என் வாசலில் வந்து நின்றபோதும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகவாயில் ரத்தம் உறைந்திருந்தது. தோல்களை விலக்கி நீலாஸின் கழுத்தில் கை வைத்தேன். சூடு இருந்தது. துடிப்பு இல்லை.

ஹெய்க்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணனைத் தொட்டுப் பாத்தியே, எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்தான். இப்பத்தான் போன மாதிரி" என்றேன்.

அதன்பிறகு அவன் அண்ணியிடம் பேசவில்லை. மந்தை பிரியவில்லை. அவன் முன்னால், அவள் பின்னால். நடுவில் நடந்த மான்களுக்கு ஒன்றும் தெரியாது. ரேடியோவில் மட்டும் "ஆறு கடந்தாச்சு", "இங்க நிறுத்து" என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

மறுவருடம் அதே மாதம், அதேபோல் குளிர் இறங்கிய ஒரு நாள், கூடாரத்தில் எலும்பு வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தபோது ஹெய்க்கா வாய் திறந்தான். இதை அவனே பின்னால் என்னிடம் சொன்னான்.

"போயிருக்கலாம் அண்ணி. அந்த ஏரி தூரத்துக்கு இன்ஜின் தாங்கியிருக்கும்."

"தாங்காது."

"நான் எத்தனை தடவை ஓட்டியிருக்கேன்."

"நீ ஓட்டினது குளிர் பிளக்கு. பாரமும் இல்ல."

"மனுசன் செத்துக்கிட்டு இருக்கான், நீங்க ஸ்பேனரைத் தேடிக்கிட்டு இருந்திருக்கீங்க. இன்ஜினைக் காப்பாத்திட்டீங்க. நல்லா ஓடுது இன்னும்."

"உங்க அண்ணன்தான் மாத்தச் சொன்னாரு."

"அவன் வேற என்ன சொல்லுவான்? பொண்டாட்டி ஒரு முடிவு எடுத்துட்டா ‘சரி’ம்பான். கல்யாணம் ஆன நாளா அதைத்தானே சொல்லிட்டு இருந்தான்."

அண்ணி எலும்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என் வண்டியில சூட்டு பிளக்குதான் இருக்கு. எந்திரி."

"எங்க?"

"ஏரிக்கு. நீ ஓட்டு. நான் பலகையில படுத்துக்கறேன். என்னையும் அதே மாதிரி கட்டு."

"பைத்தியமா உங்களுக்கு?"

"பாரம் இல்லாம ஓட்டிட்டு வந்து நாளைக்கு எங்கிட்ட பேசாத."

அதே வண்டி, அதே பலகை, அதே தோல்கள். கரைக்கு வந்ததும் ஹெய்க்கா வேகம் குறைத்துத் திரும்பிப் பார்த்தானாம். தோலுக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது. "எதுக்கு நிறுத்துற?" என்றாளாம். அவன் விசையை அழுத்திப் பிடித்தான்.

பாதி ஏரி தாண்டியது. இன்ஜின் அருமையாக ஓடியது. கெடப்போகும் இன்ஜின் கடைசி நேரத்தில் வழக்கத்தைவிட நன்றாகவே ஓடும். முக்கால் தாண்டியது. ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அது சந்தோஷமாக இல்லை என்றான். ஏரி குறுகிக் குடாவாக ஆகும் இடத்தில், வீடுகளின் புகை தெரிய ஆரம்பித்தபோது, சத்தம் மாறியது. தகரப் பெட்டிக்குள் கல்லைப் போட்டு உலுக்குவதுபோல் ஒன்று. பிறகு ஒரு இழுப்பு. பிறகு ஏரி முழுக்க அமைதி.

ஹெய்க்கா இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"நீங்க சொன்னதுதான் அண்ணி" என்றான். "தாங்கல. அண்ணன் ஏரியிலேயே கிடந்திருப்பான். நான் பேசினது தப்பு."

அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டு பலகையின் மேல் ஏறி நின்றாள். புகை வரும் பக்கம் பார்த்தாள். வாயின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கத்தினாள்.

நான் அப்போது அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. வானொலியில் யாரோ நார்வேக்காரர் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். குடாவின் வாயில் ஒரு வண்டியும் இரண்டு ஆட்களும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பக்கந்தான். இன்ஜின் சூடாகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அண்ணி இன்னும் பலகையின் மேலேயே நின்றிருந்தாள்.

"எங்க இருந்த?"

"வீட்டுக்குள்ள."

"கதவு திறந்திருந்துதா?"

"இந்தக் குளிர்லயா? சாத்தித்தான் இருந்துச்சு. என்ன ஆச்சு அண்ணி?"

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுத்தானே வந்தேன். பக்கத்துல நின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

அவள் என் வண்டியைப் பார்த்தாள். நான் வந்த தடத்தைப் பார்த்தாள். வீட்டுக் கதவு வரைக்கும் அது நேராக இருந்தது. பிறகு மெல்லப் பலகையில் உட்கார்ந்தாள்.

ஹெய்க்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஓடி முடிந்தது. சட்டென்று இறங்கி வந்து அவள் முன்னால் நின்றான்.

"இன்னைக்குக் காத்து வீட்டுப் பக்கம் அடிக்குது அண்ணி" என்றான். "அதான் கேட்டுது. அன்னைக்கு அப்படி இல்ல. அன்னைக்கு பிளக்கு மாத்தாம வந்து இங்க நின்னிருந்தா, நீங்க எவ்வளவு கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. யூசா, சொல்லேன்டா."

நான் ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன்.

"காத்து இப்பவும் இல்ல, அன்னைக்கும் இல்ல" என்றாள் அண்ணி. "என்னைக் கரைக்குக் கொண்டு போங்க."