லீவு லெட்டரின் முதல் வரி

நாளை வலங்கைமானில் எங்கள் வயலுக்கு அறுப்பு மிஷின் வருகிறது. மழைக்கு முன் அறுத்தாக வேண்டும், அப்பா தனியாள். சென்னையில் வேலை பார்க்கும் தம்பிக்கு லீவு கிடைக்குமா என்று காலையிலிருந்து ஒரே கவலை.

மதியம் போன் செய்தான்.

"அக்கா, பொய் சொல்லாம மெயில் போட்டுட்டேன்."

"என்னடா எழுதுன?"

"ஸ்கூல்ல எழுதுவோமே, 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'னு, அதேதான். ஃபீவர எடுத்துட்டு ஹார்வெஸ்ட்னு போட்டேன்."

"அடப்பாவி! அறுவடையால அவதிப்படுறியாடா?"

நான் சிரித்து முடிப்பதற்குள் மேனேஜரின் பதில் வந்துவிட்டது. அவர் சீர்காழிக்காரர்.

"கெளம்புங்க தம்பி. எங்க வீட்லயும் வருஷா வருஷம் இதே அவதிதான்."

தம்பி பஸ் ஏறிவிட்டான்.

அது கிடக்கட்டும். அந்த வரியை நிஜமாகவே காய்ச்சல் வந்து எழுதியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?